நீட்டின கையில் வைத்த புடவை

மரியே வாழ்க.

பாலக்கரை, திருச்சி
3-3-2024

ஜனவரியில் உன் கல்யாண வரவேற்பு அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள். உன் அப்பன், என் மகன் சவரிநாதன், புது வேட்டி இடுப்பில் நிற்காமல். உன் அம்மா டோரதி. உன் தங்கச்சி லிசி. என் தங்கச்சி பிரான்சி, ஐஸ்கிரீம் கப்பை மடியில் மறைத்துக்கொண்டு. முன்வரிசையில் திருவெறும்பூரிலிருந்து வந்த உன் பழைய ஆபீசர் சிவசங்கர், அவர் பொண்டாட்டி, உன் அப்பனோடு வேலை பார்த்த பீமராவ். சமையல்கட்டு வாசலில் பிரியாணி மாஸ்டர் அப்துல் ஹலீம், கரண்டியோடு. நம் மாடியில் குடியிருக்கிற ஆபிதா டீச்சர். மேடையில் நீ, உன் பொண்டாட்டி மாரிசோல், அவளைப் பெற்றவள் பவுஸ்தீனா, மைக் பிடித்த சுரேஷ்குமார். கீழே முதல் நாற்காலியில் நான். மற்றதெல்லாம் சாப்பிட வந்த கூட்டம், அதை நான் சேர்ப்பதில்லை.

எதுக்கு இத்தனை பேரை எழுதுகிறேன் என்றால், நாளைக்கு நீ "அப்பாயிக்கு வயசாயிடுச்சு, மறந்துடுவாங்க" என்று சொல்லக் கூடாது. நான் படித்தது அஞ்சாவது. மறக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் கோபம் இறங்கிவிடும். இப்போது அது இறங்க வேண்டாம். நான் எழுதுகிறதை ஆபிதா டீச்சர் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். நீ எழுதுகிறதை அவள் காலேஜில் பிரிண்ட் எடுத்து வந்து தருவாள்.

நடந்தது இது. கேக் வெட்டி முடிந்ததும் உன் மாமியார் மேடை நடுவுக்கு வந்தாள். உயரத் தொப்பி, அடுக்கடுக்காகப் பாவாடை. அவள் பெரு தேசத்து மலைக்காரி, பேசுவது கெச்சுவா, அவளுக்கு ஸ்பானிஷ் சரியாக வராது, மகளுக்கோ ஸ்பானிஷைத் தவிர வேறு தெரியாது என்று நீ எங்களுக்கு முன்னாடியே சொல்லிவைத்திருந்தாய். அதனால்தானே சுரேஷ்குமாரைத் தேடிப் பிடித்தாய். அவன் அந்த நாட்டில் குஸ்கோ என்கிற ஊரில் ஓட்டலில் சமைத்தவன், கெச்சுவா அவனுக்குத் தண்ணி பட்ட பாடு என்றாய்.

பவுஸ்தீனா பேசினாள். குரல் நடுங்கியது. பேசிக்கொண்டே ரெண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். சுரேஷ்குமார் மைக்கில் சொன்னான்: "நாங்க ஏழைங்க. ஒண்ணும் கொண்டாரலை. எங்க பொண்ணு உங்க வீட்டு வேலையெல்லாம் செய்வா. பெரியவங்க பார்த்து எங்களுக்கு ஏதாவது செய்யணும்." நீ அதை மாரிசோல் காதில் ஸ்பானிஷில் சொன்னாய். அவள் திரும்பி உன் காதில் ஏதோ சொன்னாள். நீ குனிந்து உன் ஷூவைப் பார்த்தாய். அப்புறம் கை தட்டினாய். முதல் கைதட்டு உன்னுடையது. பிறகுதான் மண்டபம் தட்டியது.

எனக்கு மனசு உருகிவிட்டது. எழுந்து, கைக்கு எட்டின பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துப்போய் அவள் நீட்டின கையில் வைத்தேன். "கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேடையை விட்டு இறங்கினாள். பந்தியில் உட்காரவில்லை. மண்டபத்தைப் பூட்டும்போது பார்க்கிறேன், புடவை கடைசி வரிசை நாற்காலியில் கிடக்கிறது. மறுநாள் ஏர்போர்ட்டில் எல்லாரையும் கட்டிப்பிடித்தவள் என்னை மட்டும் தாண்டிப் போனாள்.

இதுக்கு நீ ஒரு வார்த்தை கேட்டாயா?

தவக்காலத்தில் மனஸ்தாபம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். அவருக்கு யாரும் புடவையைத் திருப்பிப் போட்டதில்லை.

மதலேனம்மாள்


ஹுவாராஸ், பெரு
19-3-2024

அன்புள்ள அப்பாயிக்கு,

ரெஜிஸ் எழுதுவது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே சந்தோஷம். திட்டு பிறகுதான் கண்ணில் பட்டது.

முதலில் நல்ல சேதி. மாரிசோல் முழுகாமல் இருக்கிறாள். நவம்பரில் பிள்ளை. அம்மாவிடமும் அப்பாவிடமும் போனில் சொல்லிவிட்டேன். உங்களுக்கு நானே எழுத வேண்டும் என்று அவர்களைச் சொல்லவிடாமல் வைத்திருக்கிறேன். அம்மா எத்தனை நாள் தாங்குவார்கள் என்று தெரியாது.

கெட்ட சேதி, அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அவங்க கிராமம் பனிமலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் அரைநாள். கூப்பிட்டால் ஆடு குட்டி போட்டிருக்கிறது என்கிறாங்க. அடுத்த முறை கூப்பிட்டாலும் ஆடு குட்டி போட்டிருக்கிறது. மாரிசோல் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் அப்படியே மூடிவைத்துவிடுகிறாள். முதல் பிரசவம், அப்பாயி. அவளுக்கு அம்மா வேண்டும்.

புடவை விஷயத்தில் யாருடைய தப்பும் இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஒன்று சொல்ல வேண்டும். சுரேஷ் அண்ணன் சொன்னது சரியாக இருந்திருக்குமா என்பது இப்போது சந்தேகம். என்னோடு ஆபீசில் இருப்பவர்கள் எல்லாம் தலைநகர் லிமாக்காரர்கள். அவர்களுக்குக் கெச்சுவா என்றால் மலையில் பேசுகிற ஏதோ ஒன்று, அவ்வளவுதான். அவர்களைக் கேட்டுத்தான் நானும் எல்லாம் ஒரே பாஷை என்று நம்பினேன். போன வாரம் சுரங்கத்தில் ஒரு வயதான ஆபரேட்டரைக் கேட்டேன். சிரித்தார். கெச்சுவா என்பது ஒரு குடும்பத்துப் பெயர் மாதிரியாம். குஸ்கோ பேச்சும் இந்தப் பக்கத்துப் பேச்சும் எப்போதோ தனிக்குடித்தனம் போனவை. குஸ்கோவில் தண்ணீருக்கு உனு, இங்கே யாக்கு. போவதற்கு அங்கே ஒரு சொல், இங்கே வேறு சொல். வினைச்சொல்லின் வால் முழுக்க மாறிவிடுமாம். குஸ்கோக்காரர் இங்கே வந்தால் சந்தையில் ஸ்பானிஷில்தான் பேரம் பேசுவாராம்.

மாரிசோல் என் காதில் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. கல்யாண மாப்பிள்ளைக்கு அன்றைக்கு என்ன தெரியும்.

நீங்கள் அத்தைக்கு நல்லதாக ரெண்டு வரி எழுதினால் நான் நேரில் கொண்டுபோய்ச் சொல்கிறேன். கோட்டுச் சூட்டு போட்டு நிற்கிற மாப்பிள்ளை சொன்னால் கேட்க மாட்டாங்க, உங்கள் வார்த்தைக்குக் கேட்பாங்க.

உங்கள்
ரெஜிஸ்


மரியே வாழ்க.

பாலக்கரை
15-4-2024

ரெஜிசுக்கு,

பிள்ளை உண்டான சேதியை உன் அம்மா நீ போன் பண்ணின அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பட்டினி போடாதே. கோபம் உன்மேல், அவள்மேல் இல்லை.

ரெண்டு வரி எழுத மாட்டேன். புடவையை வீசினவளுக்கு நான் எழுதுவதா? ஆனால் நீ சுரேஷ்குமாரைப் பற்றி எழுதினதை அப்படியே விட முடியவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். தெற்கு வாசல் பக்கம் டிபன் கடை போட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்தான்.

"வாங்கம்மா, உட்காருங்க. காப்பி சொல்லட்டுமா?"

"காப்பி குடிக்க நான் காவேரியைத் தாண்டணுமா? அன்னிக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?"

முகம் வெளுத்துவிட்டது. காப்பி வந்தது, நான் தொடவில்லை.

"அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். எனக்குத் தெரிஞ்சது குஸ்கோ கெச்சுவா. அதுவும் மார்க்கெட்ல உருளைக்கிழங்கு வாங்குற கெச்சுவா. அவங்க பேச ஆரம்பிச்சதும் அங்கொண்ணு இங்கொண்ணு காதுல விழுந்துது. மகள்னு கேட்டுது, வீடுன்னு கேட்டுது. மத்தது ஒண்ணும் ஓடலை."

"தெலுங்கு தெரிஞ்சவன் கன்னடக்காரிக்கு மைக் பிடிச்சியா?"

"அவ்வளவு தூரம் இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. எல்லாம் கெச்சுவாதானேன்னு வந்துட்டேன்."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே."

"கையில மைக்கு. எதிர்ல அத்தனை பேரு. அந்தம்மா வேற கையை நீட்டிட்டாங்க. கையை நீட்டினா என்ன அர்த்தம்? நான் கண்ணால பார்த்ததைச் சொன்னேம்மா."

அவன் பார்த்ததைச் சொன்னானாம். நானும் அதைத்தானே பார்த்தேன்.

"தம்பி, உன் கடையில இட்லி கேட்டவனுக்குப் புரியலைன்னா பொங்கலை வைப்பியா?" என்றேன். பக்கத்து மேஜையில் பட்டர் ஒருத்தர் சாம்பார் ஊற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவனை மன்னிக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

உன் வேலை இதுதான். அந்தம்மா அன்றைக்கு வாயால் சொன்னது என்ன? அவங்க ஊர்ப் பேச்சு தெரிந்தவளாகப் பார்த்துக் கேட்டு எழுது. அதுவரைக்கும் எனக்குக் கடிதம் வேண்டாம்.

மதலேனம்மாள்


ஹுவாராஸ்
22-8-2024

அன்புள்ள அப்பாயிக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதுவரை எழுதாதே என்று நீங்கள் சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது. வேலை இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

போன வாரம் மாரிசோலுக்குத் திடீரென்று வலி. பயந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பொய் வலி என்று டாக்டர் சொன்னார், பிள்ளை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வலியில் அவள் போனில் அவங்க அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாள். கெச்சுவாவில். தட்டுத் தடுமாறி இல்லை அப்பாயி, மடை திறந்த மாதிரி. கட்டில் பக்கத்தில் இருந்த நர்ஸ் என்னைப் பார்த்தாள். என்னிடம் அவள் எப்போதும் சொன்னது, ஒரு வார்த்தை தெரியாது என்பதுதான்.

பிறகு அழுதுகொண்டே சொன்னாள். எட்டு வயதில் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களாம். முதல் நாள் டீச்சரிடம் தண்ணீர் கேட்டிருக்கிறாள், யாக்கு என்று. வகுப்பே சிரித்ததாம். வருஷம் முழுக்க அவளுக்கு அதுவே பெயர். அன்றைக்கு மூடின வாய். அதற்குப் பிறகு அம்மா கெச்சுவாவில் கேட்டால் இவள் ஸ்பானிஷில் பதில் சொல்வாளாம். ஊரில் எல்லோரும் மறந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாண மேடையில் அத்தை சொன்னதை மாரிசோல் வாயால் கேட்டு அப்படியே எழுதுகிறேன்:

"மதலேனா அம்மா, என் மகளுக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் அம்மா கிடையாது. நீங்கள் வீட்டுக்கே பெரியவர். எனக்கு நீங்கள் கொமாத்ரேவாக இருக்க வேண்டும். இவளுக்குப் பிறக்கும் பிள்ளையை ஞானஸ்நானத்தில் நீங்கள் தூக்கிக்கொடுங்கள், அதற்கு உங்கள் பெயரை வைக்கிறேன். எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்."

கொமாத்ரே என்றால் ஞானத்தாய் வழியில் வருகிற உறவு. அவங்க கிராமத்தில் அது கூடப் பிறந்தவளைவிடப் பெரிது. தனியாகக் கேட்பதில்லை, சபையில்தான் கேட்பார்கள். ஸ்பானிஷில் கேட்டால் கேட்டதாகவே ஆகாது என்பதால்தான் கெச்சுவாவில் கேட்டாங்க. கேட்கும்போது ரெண்டு கையையும் நீட்ட வேண்டும். கேட்கப்பட்டவர் அந்தக் கைகளைப் பிடித்தால் சம்மதம். பிடிக்காவிட்டால் அந்த முகத்தில் மறுபடி விழிக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்தேன். அத்தை அந்தப் புடவையோடு பின்பக்கம் கை கழுவப் போயிருக்காங்க. அங்கே பாத்திரம் கழுவுகிற மூன்று பெண்கள், ஆளுக்கொரு புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். மூன்றும் அத்தை கையில் இருந்த அதே புடவை. அதே நிறம், அதே கரை.

அதனால்தான் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாங்க. வீசவில்லையாம், மடித்துத்தான் வைத்தாங்களாம்.

ரெஜிஸ்


மரியே வாழ்க.

பாலக்கரை
9-9-2024

ரெஜிசுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. ஆபிதா டீச்சர் தாளைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போனாள். அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

ஆமாம். அது வேலைக்காரர்களுக்கு என்று எடுத்த புடவைதான். மலைக்கோட்டைக் கடையில் மொத்தமாக எடுத்தது, வாடாமல்லிக் கலர், பச்சைக் கரை. பை என் நாற்காலிக்குக் கீழே இருந்தது. சம்மந்தியம்மாவுக்கு என்று நானே தேர்ந்து எடுத்த பட்டு வீட்டில் பீரோவுக்குள் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கையை நீட்டினவளைப் பார்த்ததும் எனக்குப் பட்டு ஞாபகம் வரவில்லை. பை ஞாபகம் வந்தது. கை நீட்டினால் குனிந்து பையைத் திறக்கத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அன்றைக்குக் கீழே இறங்கினதும் பிரான்சி "அக்கா, உனக்கு என்ன பெரிய மனசு" என்றாள். சிவசங்கர் பொண்டாட்டி வந்து என் காலைத் தொட்டாள். ரெண்டு நாள் நான் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே காய் நறுக்கினேன். உன் கடிதம் படித்த அன்று அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். அந்தம்மா கையைப் பிடிக்கச் சொல்லி சபையில் நின்றாள். நான் அந்தக் கையில் துணியை வைத்து மூடினேன்.

அவள் மடித்து வைத்துவிட்டுப் போன புடவையை நான் அன்றைக்கே எடுத்துவந்திருந்தேன். வேஸ்டாகப் போகக் கூடாது என்றுதான் எடுத்தேன், வேறு நினைப்பு இல்லை. நேற்று மாதா பிறந்தநாள். அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன்.

உன் அம்மா வாசலை மறித்தாள். "அத்தை, இதையா? சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க."

"அதுக்குத்தான்."

"பார்க்கிறவங்க எங்களைத்தான் கேட்பாங்க."

"கேட்டா, சம்மந்திக்கு எடுத்துக் கொடுத்த புடவைன்னு சொல்லு."

ஒதுங்கி வழிவிட்டாள்.

கோயில் வாசலில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? மண்டபத்தில் பாத்திரம் கழுவின பொன்னுத்தாய். சாமி எதுவானாலும் மாதா திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றாமல் இருக்க மாட்டாள். அவளும் அதே புடவை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னம்மா, எங்க புடவையில நீங்க?"

"உன்னுது உனக்கு எப்படி இருக்கு?"

"கலர் போயிடும்மா. தனியா ஊறவைங்க, இல்லைன்னா வெள்ளையெல்லாம் வாடாமல்லி ஆயிடும்." என்னை உற்றுப் பார்த்தாள். "ஏம்மா கண்ணு கலங்குது?"

அவள் பக்கத்திலேயே பூசை முடியும்வரை நின்றேன். பிரான்சி ரெண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். பவுஸ்தீனம்மாவை எத்தனை பேர் பார்த்தார்கள்.

வெளியே வந்து ஆபிதா டீச்சரைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். அதே புடவையோடு, ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். கையில் ஒன்றும் இல்லை. அதை இதோடு அனுப்புகிறேன். நீ மாரிசோலைக் கூட்டிக்கொண்டு பவுஸ்தீனம்மா ஊருக்குப் போ. மலைப்பாதை ஆகுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள். ஊர்க்காரர்கள் நாலு பேர் இருக்கும்போது போட்டோவைக் காட்டு. கீழே இருக்கிறதை நீ சொல்லாதே, சுரேஷ்குமார் மாதிரி யாரையும் பிடிக்காதே. நீ மாரிசோலுக்குச் சொல்லு. அவள் தன் அம்மா பேச்சில், வாயைத் திறந்து, சத்தமாகச் சொல்ல வேண்டும். அவள் முடியாது என்றால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு, எனக்கு எழுதவும் வேண்டாம்.

"பவுஸ்தீனம்மா, நீங்க கேட்டது இப்பத்தான் என் காதுக்கு வந்துது. உங்க கையில நான் வச்சது பாத்திரம் கழுவுறவங்களுக்கு எடுத்த புடவை. நான் மறைக்கலை, அதைத்தான் கட்டியிருக்கேன். நீங்க சபையில கேட்டீங்க. நானும் சபையில கேட்கிறேன். இன்னும் இடம் இருந்தா என்னைக் கொமாத்ரேவா வச்சுக்குங்க. இல்லைன்னா உங்க மேல தப்பில்லை."

வேறு எழுதக் கை வரவில்லை.

மதலேனம்மாள்


ஹுவாராஸ்
27-11-2024

அன்புள்ள அப்பாயிக்கு,

பெண் பிள்ளை. மதலேனா. அழும்போது நெற்றி சுருங்குவது உங்களை மாதிரி என்று அம்மா போனில் பார்த்துச் சொன்னார்கள். தொட்டிலை ஆட்டுவது அத்தை. ஆமாம், வந்துவிட்டாங்க. ஆடுகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு அக்டோபரிலேயே எங்களோடு இறங்கி வந்தாங்க.

அந்த நாளை எழுதுகிறேன். டாக்டர் பயணம் போகலாம் என்று சொன்ன பிறகு, கார் வைத்து மெதுவாக மலையைத் தாண்டினோம். முற்றத்தில் உருளைக்கிழங்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை, அவங்க தம்பி, அக்கம்பக்கத்துப் பெண்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மாரிசோல் நடு முற்றத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொல்லப்போன நேரம், ஆரம்பித்தாள்.

முதல் வார்த்தைக்கே ஒரு பெண் கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டுவிட்டாள். மாரிசோல் நிறுத்தவில்லை. பாத்திரம் கழுவுகிறவர்கள் புடவை என்ற இடத்தில் குரல் உடைந்தது, அதையும் சொல்லி முடித்தாள். பிறகு நான் போட்டோவைக் காட்டினேன்.

அத்தை போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. மண் ஒட்டின ரெண்டு கையையும் பாவாடையில் துடைத்துவிட்டு, படத்தில் உங்கள் கை இருக்கிற இடத்தின் மேல் வைத்தாங்க. விரல் பட்டதும் படம் நகர்ந்து, சுரங்கத்தில் கல் உடைக்கிற மெஷின் வந்துவிட்டது. முற்றமே சிரித்தது. அத்தையும் சிரித்தாங்க. மாரிசோல் எனக்குச் சொன்னாள்: "கொமாத்ரேவுக்கும் அந்தக் கலர் நன்றாக இல்லை என்று சொல் என்கிறார்."

அப்பாயி, கொமாத்ரே என்றுதான் சொன்னாங்க.

மாரிசோல் அவங்க மடியில் தலையை வைத்து அழுதாள். "நான் அன்றைக்கே சொன்னேன் அம்மா, அன்றைக்கே சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரிடம் சொன்னாய் என்று அத்தை கேட்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டே இருந்தாங்க.

இப்போது வீட்டில் அம்மாவும் மகளும் கெச்சுவாதான். நான் மட்டும் நடுவில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஞானஸ்நானம் ஜனவரியில். உங்களுக்குப் பதிலாக இங்கே ஒருவர் பிள்ளையைத் தூக்க வேண்டும். லிசியை வரவழைக்கலாமா?

இனி போன் பண்ணலாமா அப்பாயி?

ரெஜிஸ்


மரியே வாழ்க.

பாலக்கரை
9-12-2024

ரெஜிசுக்கு,

பிள்ளையின் போட்டோவை ஆபிதா டீச்சர் பெரிசாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். லிசி வரட்டும். அவள் கையில் பீரோவில் இருந்த பட்டைக் கொடுத்தனுப்புகிறேன். அதை நீ வாங்கிக் கொடுக்காதே. லிசி என் சார்பில் முதலில் பவுஸ்தீனம்மா கையைப் பிடிக்கட்டும். புடவை அப்புறம்.

மாரிசோலிடம் சொல், பிள்ளையிடம் அவள் அம்மா ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும். குஸ்கோ பேச்சுதான் அசல் என்று யாராவது வந்து சொன்னால் என் பெயரைச் சொல்லித் துரத்தட்டும். தண்ணீருக்கு யாக்கு என்று நானும் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் ஸ்ரீரங்கம் போனேன். சுரேஷ்குமார் என்னைக் கண்டதும் உள்ளே ஓடப் பார்த்தான். "நில்லு. அன்னிக்குக் குடிக்காம போன காப்பியைக் கொண்டா" என்றேன். நின்றபடி குடித்தேன். சர்க்கரை அதிகம். அவன் தெரியாததைத் தெரியும் என்றான், பயத்தில் சொன்னான். போகட்டும்.

பிரான்சி ரெண்டு வரிசை தள்ளி உட்கார்ந்ததையும் விட்டுவிட்டேன். உன் அம்மா வாசலை மறித்ததையும் விட்டேன். மாரிசோலை மன்னிக்க ஒன்றும் இல்லை. தெரியாத ஊர், தெரியாத மேடை, ஒரு சொல்லுக்காக வருஷம் முழுக்கக் கேலி பட்ட குழந்தை. அப்படியிருந்தும் அவள் வாயைத் திறந்து ஒருத்தன் காதில் சொல்லியிருக்கிறாள். என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதைப் பவுஸ்தீனம்மா முடிவு செய்துவிட்டாள், அதில் நான் தலையிட மாட்டேன்.

யாரிடம் சொன்னாய் என்று பவுஸ்தீனம்மா கேட்கவில்லை என்று எழுதினாய். அவள் பெரிய மனுஷி. நான் கேட்பேன்.

என் முதல் கடிதத்தை எடுத்துப் பார். சுரேஷ்குமார் சொன்னதை நீ அவளுக்கு ஸ்பானிஷில் சொன்னாய். அவள் உன் காதில் சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள்? அம்மா அப்படிச் சொல்லவில்லை என்றுதானே? அப்படியானால் அவளுக்குக் கெச்சுவா தெரியும் என்பது உனக்கு ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் தெரிந்ததில்லை. ஜனவரியில் மேடையில் தெரியும். தெரிந்துதான் ஷூவைப் பார்த்தாய். எதிரே சிவசங்கர் உட்கார்ந்திருந்தார். தொப்பி வைத்த மாமியார், பட்டிக்காட்டு அப்பாயி, பொய் சொன்ன மொழிபெயர்ப்பாளன் என்று சபையில் எல்லாம் குழம்பிப்போய் உன் கோட்டுச் சூட்டுக்கு அவமானம் வந்துவிடும் என்று பயந்தாய். அதுக்குக் கை தட்டி மூடினாய். நீ தட்டின பிறகுதான் நான் எழுந்தேன். "அப்பாயி, இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பையைத் தொட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் இத்தனை மாதம் எல்லாக் கடிதத்திலும் என்னையும் அவளையும் சேர்த்து வைக்கிற நல்ல பிள்ளையாக எழுதினாய். ஞாபகம் இல்லை என்று எழுதினாய். எட்டு மாசம் உன் பொண்டாட்டி அம்மா இல்லாமல் சாப்பாட்டை மூடிவைத்தாள். நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் திறந்திருப்பாள்.

வா. வந்தால் சோறு போடுவேன், மீன் குழம்பு வைப்பேன், காய்ச்சல் என்றால் உட்கார்ந்து பார்ப்பேன். பிள்ளையை என் மடியிலிருந்து நீ கேட்டு வாங்க வேண்டியிருக்கும். போன் பண்ணலாம், குரலைக் கேட்டு இந்தக் கோபம் இறங்கப்போவதில்லை, அதனால் பயமில்லை.

அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களை மறுபடியும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொருவராக, போய்ச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். சிவசங்கரையும் அனுப்பிவிட்டேன், அவருக்கு ஒன்றுமே தெரியாது. விளக்கெல்லாம் அணைத்தாயிற்று. மேடையில் இன்னும் ஒருத்தன் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் தூக்கி வளர்த்தவன். சவரிநாதன் மகன் ரெஜிஸ்.